கையில் வாங்காத பிள்ளை

குழந்தையின் தலை காய்ந்திருந்தது.

துண்டோடு ஓடி வந்த கலைமதியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். துண்டை எடுக்கப் போகும்போது கனிஷ்கா குளத்தின் மேல்படியில், கணுக்கால் அளவு வெந்நீரில் உட்கார்ந்து, தலைமுடியெல்லாம் சொட்டச் சொட்டத் தண்ணீரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பங்களா வராந்தா வரை போய், கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குள் பிள்ளை குளத்தை விட்டு நன்றாகத் தள்ளி, சுவரோரத்துச் சிமெண்டுத் திட்டில், ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துணிக்குள் கழுத்து வரை சுற்றப்பட்டு உட்கார்ந்திருந்தது. முடியை நடுவகிடு எடுத்துப் படியச் சீவியிருந்தது. எண்ணெய் வாசம் வந்தது.

"அடேங்கப்பா, அதுக்குள்ள தொவட்டிச் சீவியே விட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கணவன் வினோத்தின் அக்கா ரேகாதான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். வினோத்துக்குப் பிள்ளையின் ஒரு கையைச் சட்டைக்குள் நுழைக்கவே அரை நாள் ஆகும்.

ரேகா அந்தக் கோடியில், ஜன்னலுக்கு வெளியே பனி இறங்குவதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நானா? நான் இங்கதான நிக்கறேன். நீதான் தூக்கி உட்கார வெச்சேன்னு நெனச்சேன்."

வினோத் வெளியிலிருந்து வந்தான். "கடையிலிருந்து போனுங்க. சிக்னல் இல்லைன்னு வாசல் கேட் வரைக்கும் போயிட்டேன். ஏன், என்னாச்சு?"

"அப்பப் பாத்துக்கறேன்னு சொன்னது யாரு?" என்றாள் கலைமதி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வினோத் சிரித்துவிட்டான். "பேய்தான் சொல்லியிருக்கும். ஏனுங்க பேய், புள்ளைக்குப் பவுடரும் போட்டுட்டீங்களா?"

கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். இதைத்தான் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போதே காரில் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். லீவுக்கு மலைக்குப் போகலாம் என்றதும், வெந்நீர்க் குளம் இருக்கிற பங்களாவாகப் பார்த்து வினோத் பிடித்துவிட்டான். பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அதனால் கலைமதி சட்டம் போட்டாள். தண்ணீரில் பிள்ளை இருக்கும்போது ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காற்று ஊதின கைப்பட்டையை நம்பி விடக் கூடாது, உதடு வெளுத்தால் உடனே தூக்கிவிட வேண்டும். நீச்சல் உடைகூட நீலம் வேண்டாம், தண்ணீரோடு தண்ணீராகிவிடும் என்று, அடியில் கிடந்தாலும் கண்ணில் அறைகிற பளீர் ஆரஞ்சில் வாங்கியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த விசில். சிவப்புக் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் விசில். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் அப்போதைக்குக் காவல். போனைத் தொடக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது, ஏதாவது ஆனால் ஊத வேண்டும். மாற்றிக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "கப்பல் ஓட்டறாப்பல ஆக்கிட்ட போ" என்று ரேகா கேலி செய்தாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

இத்தனையும் போட்டவள் செய்த காரியம் என்ன? பிள்ளையின் உதடு வெளுக்கிறதே என்ற பதற்றத்தில், கதவு நிலையைத் தாண்டும்போதே விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பின்பக்கமாக நீட்டினாள். "புள்ளையப் பாத்துக்குங்க." ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன. "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றது ஒரு பெண் குரல். ரேகாதான் என்று திரும்பிப் பார்க்காமலே அவள் ஓடினாள்.

"சரி, அந்த ஈர டிரெஸ்ஸைக் கழட்டி எங்க போட்டீங்க?" என்று கேட்டாள்.

தானே கம்பளியைப் பிரித்துப் பார்த்தாள். கம்பளித் துணிக்குள் பிள்ளையின் மேலில் பொட்டுத் துணி இல்லை. ஆரஞ்சு உடை திட்டில் இல்லை, படியில் இல்லை, வாளியில் இல்லை. குளத்தின் அடிவரை கண்ணாடியாகத் தெரிந்தது. விசிலும் இல்லை.

"காக்கா தூக்கியிருக்கும்" என்றான் வினோத்.

*

குளம் இருந்த கட்டடம் பங்களாவுக்குக் கீழே, தேயிலைக் காட்டின் ஓரத்தில் தனியாக நின்றது. அதைக் கவனித்துக்கொள்கிற பெனிஸ், "பழைய குடோனுங்க. ஓனர் வாங்கி, உள்ள குழி வெட்டிக் குளமாக்கிட்டாருங்க" என்று சொல்லியிருந்தான்.

குடோன் இல்லை. வந்து நுழைந்த அன்றைக்கே கலைமதிக்கு அது தெரிந்துவிட்டது. குடோனுக்கு எதற்கு முழங்கால் உயரத்தில் ஜன்னல்? தவழ்கிற பிள்ளை எழுந்து பிடித்து நிற்கிற உயரம் அது. சுவரோரம் சுற்றிலும் அந்தச் சின்னச் சிமெண்டுத் திட்டு, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பால் கொடுக்க. மேலே உத்தரத்தில் வரிசை வரிசையாக இரும்புக் கொக்கிகள். இப்போது அவற்றில் பெரணிச் செடித் தொட்டிகளைத் தொங்கவிட்டு அழகு பண்ணியிருந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே தொங்கினது சேலைத் தூளிகள்.

அது பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் தங்கள் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற இடம். சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, அப்படிப்பட்ட ஒரு மடுவத்தின் தூளியில் வளர்ந்தவள்தான் கலைமதியும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த ஊர்ப் பேச்சோடுதான் அம்மா பேச்சி கடைசி வரை பேசினாள். கோயம்புத்தூரில் ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போன பிறகு கலைமதி அதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால்தானே சொல்ல?

பேச்சியும் இன்று மத்தியானம் கலைமதி செய்தது போலத்தான், முகம் பார்க்காமலே பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போவாள். விடிவதற்கு முன்னால், பனியில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க நேரமாகிவிடும். மடுவத்து வாசல் இருட்டுக்குள் பிள்ளையை நீட்டி, "புள்ளயப் பாத்துக்க ஆயா" என்பாள். உள்ளேயிருந்து கைகள் வாங்கிக்கொள்ளும். "நான் பாத்துக்கறேன், நீ போ." முகத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

ஆனால் சாயங்காலம் வேறு. சாயங்காலத்துக்கு ஒரு கண்டிப்பான முறை இருந்தது. பிள்ளையைத் தாய் தானாக எடுக்கக் கூடாது. வாசலில் நின்று பேர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆயா தூக்கிக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எண்ணெய், ஒரே நடுவகிடு, எஸ்டேட் கொடுத்த ஒரே சாம்பல் கம்பளி. லாந்தர் வெளிச்சத்தில் அவசரத்துக்கு வாரிக்கொண்டு போய், பாதி வழியில் தன் பிள்ளை இல்லை என்று தெரிந்து அலறிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. "கையில குடுக்காத புள்ளயத் தூக்காத. அது யாரு புள்ளயோ" என்பாள் பேச்சி.

கலைமதி குனிந்து வாரி எடுத்தது நினைவுக்கு வந்தது. சே, என்ன பைத்தியக்கார நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெனிஸைக் கூப்பிட்டுத் தன் கண் முன்னாலேயே குளத்துக் கட்டடத்தைப் பூட்டச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டாள்.

*

மத்தியானத்துக்கு மேல் பிடித்த மழை விட்டபோது ஆறு மணி இருக்கும். பனி மூடி, எதிரே நின்ற சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரேகாவுக்குத் தலைவலி. மாத்திரையும் ராத்திரிச் சாப்பாடும் வாங்கிவர வினோத் காரை எடுத்தான். ரேகாவும் காற்றாட வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

"நீயும் வா கண்ணு" என்றான் வினோத்.

"பனியில பாப்பாவத் தூக்கிட்டா? நீங்க சீக்கிரமா வாங்க."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். அதையே நெனச்சுட்டு உட்காந்திருக்காத" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தது. கலைமதி போட்டுவிட்ட பூப்போட்ட கவுனில் இருந்தது. கால்களை நேராக நீட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல். கனிஷ்கா இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள், திரைச்சீலையை இழுப்பாள், செருப்பைக் கடிப்பாள், தண்ணீரைக் கண்டால் "ண்ணி, ண்ணி" என்று உயிரை எடுப்பாள். மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. குளிரில் சோர்ந்துவிட்டது என்றாள் ரேகா. இருக்கலாம். இருக்கட்டும் தாயே என்று கலைமதி வேண்டிக்கொண்டாள்.

பிஸ்கட் கொடுத்தாள். வாங்கிக்கொண்டது. தின்னவில்லை. மெதுவாகத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டது.

"சாப்பிடு தங்கம். அம்மாதானே குடுக்கறேன்."

அது அவளை நிமிர்ந்து பார்த்தது. கனிஷ்காவின் கண். கனிஷ்காவின் மூக்கு. புருவத்துக்குமேல் மேஜை முனையில் இடித்த தழும்புகூட அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு, அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தது. அந்தப் பார்வை கலைமதிக்குத் தெரியும். வேலை முடிகிற நேரத்தில் மடுவத்துத் திட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் பார்க்கிற பார்வை. இன்னும் வராத தாய்க்காக வாசலைப் பார்ப்பது.

"அம்மா இங்கதானே இருக்கேன்" என்றாள்.

பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

முகம் துடைத்துவிடலாம் என்று துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். நெற்றியைத் துடைத்தாள். தலையைத் துடைத்தாள். அந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி நனைத்துத் துடைத்தாள். கையில் துணி சொட்டியது. முடி காய்ந்தே இருந்தது. கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு உச்சியில் மெல்ல ஊற்றினாள். கட்டில் நனைந்தது, மெத்தை நனைந்தது, அவள் முந்தானை நனைந்தது. வகிடு கலையவில்லை. முடி காய்ந்தே இருந்தது.

கரண்ட் போனது.

இருட்டில் அவள் அசையாமல் நின்றாள். ஓட்டின் விளிம்பிலிருந்து மிச்ச மழை சொட்டியது. எங்கோ ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. யூகலிப்டஸ் விறகுப் புகை, ஈரக் கம்பளி, எண்ணெய், அதற்குள்ளே கரைத்த பால்மாவின் இனிப்பு நாற்றம், எல்லாம் சேர்ந்து அவளை நாலு வயதுப் பிள்ளையாக்கிச் சேரம்பாடித் திட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது. போனைத் தேடி விளக்கைப் போட்டாள். சிக்னல் இல்லை. கட்டிலில் பிள்ளை அப்படியே இருந்தது. இருட்டு வந்ததற்குக்கூடத் திரும்பவில்லை.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது.

ஃபீ.

காற்று அதிகம், சத்தம் கொஞ்சம். விசில் ஊதிப் பழகாதவர் ஊதுகிற மாதிரி.

பறவை என்று நினைத்தாள். பறவை என்று நினைக்க ஆசைப்பட்டாள்.

ஃபீ. ஃபீ.

பூட்டிய கட்டடம். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

விசில் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் காவல். அது அவள் போட்ட சட்டம். ஏதாவது ஆனால் ஊத வேண்டும். அதுவும் அவள் போட்டதுதான். அப்படியென்றால் அங்கே ஒருத்தி இன்னும் காவல் இருக்கிறாள். மத்தியானம் வாங்கிய விசிலோடு, சொன்ன சொல் மாறாமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யாரை?

கலைமதி கதவுப் பக்கம் திரும்பினாள். கட்டிலில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். விட்டுவிட்டுப் போகலாமா? தவறு அவளுடையதாக இருந்தால்? பயத்தில் மூளை கெட்டுப்போய், பெற்ற பிள்ளையையே இருட்டில் தனியாக விட்டுவிட்டு ஓடினால் அவளைப் போலப் பாவி உண்டா? தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மத்தியானத்தைவிடக் கனத்தது.

"பெனிஸ்! பெனிஸ் தம்பி!"

சமையற்கட்டு இருட்டாகக் கிடந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை.

ஃபீ. ஃபீ. ஃபீ. இப்போது விடாமல் வந்தது.

பாதையில் கல் வழுக்கியது. பனி போன் வெளிச்சத்தை முகத்தின் மேலேயே திருப்பி அடித்தது. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் முந்தானையை இழுத்தன. இடுப்பிலிருந்த பிள்ளை இறங்க இறங்க நிமிர்ந்து, கட்டடம் இருக்கும் திசையிலிருந்து முகத்தைத் திருப்பி, அவள் தோளுக்குள் புதைத்துக்கொண்டது. அதற்கு அங்கே போகப் பிடிக்கவில்லை.

பூட்டு சில்லென்றிருந்தது. சாவி இரண்டு முறை நழுவியது. திரும்பியது.

விசில் நின்றது.

கதவைத் தள்ளினாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது. வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும். வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். தண்ணீரின் மேல் ஆவி படர்ந்திருந்தது. அதற்கு மேலே, கொக்கிகளில் தொங்கிய செடித் தொட்டிகள் ஆடிக்கொண்டிருந்தன. காற்று இல்லை. எல்லாம் ஒன்றாக, நிதானமாக, தூளி ஆட்டுகிற கணக்கில் ஆடின.

கோயம்புத்தூர்ப் பேச்சு மறந்துபோனது. வந்தது பேச்சியின் குரல்தான்.

"ஆயா... புள்ளய வாங்க வந்திருக்கேன்."

தொட்டிகள் நின்றன.

"எந்தப் புள்ள?" என்றது இருட்டு. அதே குரல். கோபம் இல்லை. நாளெல்லாம் நின்ற களைப்பு மட்டும் இருந்தது.

"கனிஷ்கா. கலைமதி மக கனிஷ்கா."

தண்ணீர் அசைந்தது.

அடியில் முதலில் ஒரு நிறம் தெரிந்தது. கண்ணில் அறைகிற பளீர் ஆரஞ்சு. மத்தியானம் கண்ணாடியாகத் தெரிந்த, ஒன்றுமே இல்லாத அந்த அடியிலிருந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. படிக்கு நேராகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு இரண்டு கைகள் எழுந்தன. ஊறி வெளுத்த கைகள். முழங்கை வரைதான் இருந்தன, அதற்குக் கீழே ஆவி. ஒரு மணிக்கட்டில் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. அந்தக் கைகள் பிள்ளையை அக்குளில் பிடித்து, தண்ணீருக்கு மேலே தூக்கி, அவளை நோக்கி நீட்டின.

தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் மூடியிருந்தது. இருமியது. கண்ணைத் திறந்தது.

"ண்ணி" என்றது. "ம்மா. ண்ணி."

கலைமதிக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் தங்கமே. என் சாமி. பெற்ற வயிறு சொன்னது, இதுதான் என்று. அதற்குமேல் ஒரு அடையாளமும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"கையில வாங்கிக்க" என்றது குரல். "ரெண்டு கையாலயும்."

போனைக் கீழே போட்டாள். இடுப்பிலிருந்ததை இறக்கக் குனிந்தாள்.

அது இறங்கவில்லை.

இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி இறுகின. இரண்டு கால்கள் இடுப்பைச் சுற்றி இறுகின. காய்ந்த முடி கன்னத்தில் உரசியது. எண்ணெய் வாசம் மூச்சை அடைத்தது. எத்தனையோ காலமாக யாரும் வந்து கேட்காத பிள்ளை, மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் காதுக்குள் பேசியது.

"ம்மா."

"விடு. விடு சாமி. விட்டுடு."

"ம்மா."

"வாங்கிக்க" என்றது குரல். "கை வலிக்குது."

நிலைப்படியைத் தாண்டாமல் ஒரு கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னொரு கையால் கழுத்திலிருந்த விரல்களைப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் ஒன்று பற்றியது. கீழே விழுந்த போனின் வெளிச்சத்தில், தூக்கிப் பிடித்திருந்த அந்த வெளுத்த கைகள் நடுங்குவது தெரிந்தது. நடுங்கி, மெல்ல, மெல்லத் தாழ ஆரம்பித்தன.

"ண்ணி" என்று சிரித்தாள் கனிஷ்கா.

அவள் பாதம் தண்ணீரைத் தொட்டது.